விரலுக்கேற்ற வீக்கம்

பழம்பொருளைப் பேணுவது ஒரு கலை. அதனோடு புதியதொன்றைப் பொருத்துவது மற்றொரு கலை. பின்னையதற்குப் பொறுமையோடு சிறிது கணக்கும் வேண்டும்.

ஹெவ்லொக் டவுனில் எமது இல்லத்து முற்றத்தில் நிற்பது தந்தையார் விட்டுச் சென்ற மொரிஸ் மைனர் வண்டி. அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைத்து, 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட இனம் அது. அதனை விற்றுவிடும்படி கூறாத உறவினர் இல்லை. ஆயினும் மழைநாளில் அன்னையாரை வைத்தியரிடம் இட்டுச் செல்வது இன்றும் அவ்வண்டியே.

விடுமுறைக்கு வந்த தமக்கையாரின் மகன், கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் சொக்கெட் ஒன்றும் மேலதிக விளக்குகள் இரண்டும் பூட்ட விரும்பினான். "இரண்டு வயர்தானே மாமா, பத்து நிமிட வேலை" என்றான்.

வேலை அத்துணை எளிதன்று. இக்கால வண்டிகளில் பற்றரியின் எதிர்முனையே இரும்புடலோடு பிணைக்கப்படும்; இதிலோ நேர்முனை. சொக்கெட்டின் வெளிக்கூடு எதிர்முனைக்கு உரியது. அதை அப்படியே இரும்பிலே திருகினால் மின்னோட்டம் திசைமாறிக் கருவி கெடும். வயரை மட்டும் மாற்றினாலோ குறுஞ்சுற்று உண்டாகும். ஆகவே சொக்கெட்டை மரத்துண்டொன்றிற் பதித்து, உடலிற் படாதவாறு அமைத்து, நடுமுனையை உடலோடும் கூட்டை மின்வழியோடும் இணைத்தோம். வண்டியில் உருகிகள் இரண்டே இருந்தமையால், புதிய வழி தொடங்குமிடத்திலேயே தனியுருகி ஒன்றும் வைத்தோம்.

அடுத்து விளக்குகள். வாற்றை வோல்ற்றால் வகுத்தால் அம்பியர் வரும் என்பது பாடசாலைப் பாடம். 55 வாற்று விளக்குகள் இரண்டு, 12 வோல்ற்றில் ஏறத்தாழ 9 அம்பியர் கேட்கும். மழையிரவில் முன்விளக்கும் துடைப்பானும் பிறவும் சுமார் 15 அம்பியர் கொள்ளும். எமது வண்டியின் தைனமோ தருவதோ 22 அம்பியர். காலி வீதி நெரிசலில் வண்டி நிற்கையில் அதுவும் இல்லை. பிள்ளை தானே கூட்டிப் பார்த்து மௌனமானான்.

மின்சாரத்தாலேயே ஓடும் வண்டிக்கும் இந்நியதி உண்டு. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1969இல் எலெக்-டிராக் என்னும் தோட்ட டிராக்டரை வெளியிட்டது. 6 வோல்ற் பற்றரிகள் ஆறு சேர்ந்து 36 வோல்ற் தரும். புல்வெட்டியும் வேலி கத்தரிக்கும் கருவியும் அதிலேயே இயங்கும். அதற்கு 12 வோல்ற் விளக்குப் பூட்ட எண்ணி இரண்டு பற்றரிகளில் மட்டும் மின்னெடுத்தால், அவ்விரண்டும் முன்னதாகவே சோர்ந்து ஏனையவற்றையும் பின்னிழுக்கும். 36ஐ 12 ஆக்கும் மாற்றி ஒன்றை இடையே வைப்பதே முறை.

எமது விளக்குகள் கடைக்குத் திரும்பின. பஞ்சிகாவத்தையில் புதிய இணைப்பு முனைகள் வாங்கி, துருவேறிய இடங்களைச் சுரண்டிப் பூட்டினோம். பழைய முன்விளக்குகளே முன்னிலும் தெளிவாக எரிந்தன.

இத்தகைய வேலையில் நாட்டமுள்ள மாணவர்களுக்கு ஒன்று கூறுவோம்: கருவியைத் தொடுமுன், உடலோடு பிணைந்திருப்பது எம்முனை என்று பாருங்கள், அம்முனையைக் கழற்றிய பின்னரே வயரிற் கை வையுங்கள்.