ஏரியலோடு கேமரன் மலைக்கு

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறும் பழைய சாலை சுமார் 60 கிலோமீட்டர் இருக்கும். ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம். வானொலி கேட்டுக்கொண்டே போகிறவர்களுக்கு இந்தச் சாலை ஒரு பரீட்சை. ஒரு வளைவில் கணீரென்று வரும் பாட்டு அடுத்த வளைவில் வெறும் இரைச்சலாகிவிடும்.

போன பள்ளி விடுமுறையில் பெரியப்பாவை அழைத்துக்கொண்டு இந்தச் சாலையில் ஏறினேன். அவர் அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். வண்டி அவர் மகனுடையது, என் அண்ணனுடையது. 1990களில் ஜப்பானில் செய்யப்பட்டு, ரீகோனாக இங்கே வந்த இரண்டு இருக்கை கார். கூரை துணியால் ஆனது. கையால் மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். ஆனால் ரேடியோ ஊமை. மோட்டாரில் ஏறி இறங்கும் ஏரியல் உடைந்து பல வருடமாகிறது.

"போன்லயே பாட்டு கேட்டுக்கிட்டுப் போகலாமே பெரியப்பா?"

"அது நீ எடுத்து வச்ச பாட்டும்மா. ரேடியோன்னா ஊரே கேக்கும்."

வானொலியில் பேசிச் சம்பளம் வாங்குகிறவள் நான். அதற்கு மேல் எப்படி மறுத்துப் பேசுவது? கிள்ளானில் ஒரு ஒயரிங் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன்.

பட்டறைக்காரர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். "மண்டையில தகரமே இல்லையே தங்கச்சி" என்றார். அதில்தான் விஷயமே இருக்கிறது. சாதாரண காரில் இரும்புக் கூரை ஏரியலுக்குத் தரைபோல் உதவுகிறது. சில கார்களில் பின்கண்ணாடியிலேயே ஏரியல் கம்பிகள் பதிந்திருக்கும். இந்த வண்டிக்கோ கூரை துணி, பின்ஜன்னல் பிளாஸ்டிக். மிஞ்சுவது பின் மட்கார்டும் பூட் மூடியும்தான். மூடியில் வைத்தால் திறந்து மூடும்போதெல்லாம் ஒயர் இழுபடும். அதனால் மட்கார்டில், பழைய ஏரியல் இருந்த அதே துளையில், நிலையான கம்பி ஒன்றைப் பொருத்தலாம் என்றார்.

கம்பியின் நீளத்துக்கும் கணக்கு உண்டு. மின்னல் எஃப்எம் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒலிக்கும் 96.3 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதில் கால் பங்கு சுமார் 78 சென்டிமீட்டர். கம்பி அந்த அளவை ஒட்டி இருந்தால் நல்லது. அடுத்து, மட்கார்டின் உட்பக்கம் ஏரியலின் அடித்தகடு உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டினார். தகடு வெறும் இரும்பைத் தொடாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்த ஏரியலும் இரைச்சலைத்தான் பிடிக்குமாம். மீட்டரை வைத்துத் தொடர்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே மேலே ரப்பர் வாஷரை வைத்து முறுக்கினார். நம்மூர் மழைக்கு அந்த வாஷர் ரொம்ப முக்கியம். இந்த வண்டியில் பேட்டரியும் பூட்டுக்குள்தான் இருக்கிறது.

இன்னொரு சிக்கல் மிச்சம் இருந்தது. ஜப்பானில் அந்தக் காலத்து எஃப்எம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். 96.3 என்ற எண் அந்த ரேடியோவிலேயே கிடையாது. பழைய ரேடியோவைக் கழற்ற அண்ணனுக்கு மனமில்லை. அதனால் ஏரியல் ஒயருக்கும் ரேடியோவுக்கும் நடுவே பேண்ட் எக்ஸ்பேண்டர் என்ற சின்னப் பெட்டி வந்தது. அது அலைவரிசையை 12 மெகாஹெர்ட்ஸ் கீழே இறக்கிக் கொடுக்கும். மின்னல் 84.3-இல் வந்தது, ராகா 87.3-இல்.

நெடுஞ்சாலையில் 110-இல் போகும்போது கூரையைத் திறந்தால் காற்றுதான் பாடும். அதனால் தாப்பா வரை மூடியே போனோம். தஞ்சோங் மாலிம் தாண்டியதும் 96.3 இளைக்கத் தொடங்கியது. கெந்திங் பக்கம் 1,772 மீட்டர் உயர உலு காலி மலையிலிருந்து வரும் அலை அது. மலை பின்னால் போகப் போகக் குரலும் பின்தங்கியது. அதே நிலையத்தைப் பேராக் அலைவரிசையில் தேடிப் பிடித்தோம்.

தாப்பாவில் கூரையை மடக்கினேன். லாத்தா இஸ்கண்டார் அருவி வரை பாட்டு வந்தும் போயும் இருந்தது. எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. மலை குறுக்கே நின்றால் பின்னால் நிழல் விழும். மலையில் மோதித் திரும்பும் அலையும் நேராக வரும் அலையும் ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கும். அதனால்தான் ஓடும் காரில் குரல் துண்டு துண்டாக விழுகிறது. ஒரு வளைவில் இரைச்சல் மட்டும் வரவே, ஓரமாக நிறுத்தச் சொன்னார் பெரியப்பா. "ஒரு நாலடி முன்னால விடும்மா." விட்டேன். தெளிவாகப் பேசியது.

"எப்படித் தெரியும்?"

"தோட்டத்து வீட்ல இப்படித்தான். எங்கப்பா கூரையிலேர்ந்து கொய்யா மரத்துக்குக் கம்பி இழுத்துக் கட்டியிருந்தாரு. சரியா கேக்கலைன்னா நான் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிப்பேன்."

ரிங்லெட்டைத் தாண்டினால் சாலையோரம் ஏரி வரும். சுல்தான் அபு பக்கார் அணை தேக்கிய நீர். 2013 அக்டோபர் 23 விடியும் முன், கனமழையால் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளும் வாகனங்களும் சேற்றில் புதைந்தன, உயிர்களும் போயின. ஏரியைப் பார்த்தபடி பெரியப்பா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். எனக்கு அந்த வளைவுகள்தான் நினைவில் ஓடின. அப்படியொரு ராத்திரியில் மின்சாரம் போகலாம், போன் கோபுரமும் விழலாம். கார் பேட்டரியில் ரேடியோ மட்டும் பேசும், அதுவும் ஏரியல் சரியாக இருந்தால், வண்டி மலை நிழலில் நிற்காமல் இருந்தால்.

ஸ்டூடியோவில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தால் குரல் எங்கேயும் உடையாது. ஹெட்போனில் எல்லாம் கணீரென்றுதான் இருக்கும். அது எந்த வளைவில் விழுங்கப்படுகிறது என்று கேட்க, இப்படி ஒருமுறை மலை ஏறிப் பார்க்க வேண்டும்.

இப்போதெல்லாம் மழை எச்சரிக்கை வாசிக்கும்போது ஊர்ப் பெயர்களை இரண்டு முறை சொல்கிறேன். முதல் முறை சொன்னது ஒரு வளைவில் போனாலும், நாலடி தள்ளி அடுத்தது யார் காதிலாவது விழும்.