தாங்குதல்

தாங்குதல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. வருத்தத்தைப் பொறுத்துக்கொள்வதும் தாங்குதலே. சாய்கின்றவரைப் பிடித்து நிறுத்துவதும் தாங்குதலே. இவ்விரண்டுக்கும் ஒரே சொல் அமைந்த பொருத்தத்தைச் சென்ற ஆண்டு நவம்பர் மாதத்தில் என் முழங்கால் எனக்கு ஓரளவு விளக்கிற்று. அதனைச் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

புனேயில் வாழும் நம்மவர்க்குக் கட்கி புதிய இடமன்று. படைத்துறைத் தொழிற்சாலைகளில் வேலை தேடி வந்து, அங்கேயே வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல. அதே கட்கியில், தண்டுவடக் காயத்தால் கால்கள் செயலிழந்த படைவீரர்களுக்கென 1974-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. கை கால் இழந்த வீரர்களுக்குச் செயற்கை உறுப்புகள் பொருத்தும் நிலையமோ 1944 முதல் புனேயில் இயங்கி வருகிறது. நாள்தோறும் இவற்றின் வாயிலைக் கடந்து செல்கின்றோம். உள்ளே இருப்போரை நினைப்பதற்கு ஆண்டில் ஒரு நாள் வைத்திருக்கின்றோம். அதுவே டிசம்பர் 7, கொடி நாள். 1949 முதல் கொண்டாடப்பெறும் அந்நாளில் திரளும் நிதி, போரில் காயமுற்றோரின் மறுவாழ்வுக்கும், படைவீரர், முன்னாள் படைவீரர் குடும்பங்களின் நலத்துக்கும் பயன்படுகிறது.

சட்டையில் சிறு கொடியைக் குத்திக்கொண்டு உண்டியலில் நோட்டைப் போடுவதோடு கடமை முடிந்ததாக எண்ண இம்முறை மனம் வரவில்லை. மாரத்தான் ஓட்டத்தின் முழுத் தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். அதில் பாதியையாவது ஓடியும் நடந்தும் கடப்பதென்றும், கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் வீதம் சங்கக் குடும்பங்கள் கொடி நாள் நிதிக்கு அளிப்பதென்றும் ஏற்பாடு செய்தேன். முப்பது குடும்பங்கள் இசைந்தன. எனக்கு வயது 58. "மாடிப்படி ஏறும்போதே முனகுகிறீர்களே!" என்று என் மனைவி நினைவூட்டினாள். ஆனால் விடியற்காலையில் எழுந்து காப்பி போட்டுக் கொடுக்க அவள் ஒரு நாளும் தவறவில்லை.

நான்கு மாதப் பயிற்சிக்கு இடையே, நண்பர் ஒருவரின் துணையுடன், சக்கர நாற்காலியில் வாழும் முன்னாள் வீரர் ஒருவரைக் கண்டேன். தருமபுரிப் பக்கத்துக்காரர், சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆடுபவர். என் முயற்சியைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும், ஐயா?" என்றார்.

"நான்கு மணி நேரமாவது ஆகும், தம்பி."

"அதற்குள் நான் பதினாறு முறை எழுந்துவிடுவேன்" என்று சிரித்தார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் இரு கைகளையும் நாற்காலியின் பிடிகளில் ஊன்றி, உடலை மேலே தூக்கி, சிறிது நேரம் நிறுத்தி, மெல்ல இறக்கிக் காட்டினார். காயத்துக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆகையால் நெடுநேரம் உட்கார்ந்திருப்பதன் வலி தெரியாது. வலி தெரியாதபடியால் நாம் தன்னறியாமல் அசைவது போல் அவ்வுடல் அசைவதில்லை. அழுத்தம் பட்ட இடத்தில் இரத்த ஓட்டம் குன்றித் தசை அழுகிப் புண்ணாகும். முற்றினால் உயிருக்கே கேடு. ஆதலால் கால் மணிக்கொரு முறை இவ்வாறு எழும்புதல் வேண்டும். படுக்கையிலும் இரண்டு மணிக்கொரு முறை புரண்டு படுத்தல் வேண்டும். தாமே இயலாதவரைப் பிறர் புரட்டிவிடல் வேண்டும். காயம் தண்டுவடத்தின் மேற்பகுதியில் இருப்பின், அதற்குக் கீழே வியர்வையும் சரிவர வாராது. ஏப்ரல் வெயிலில் விளையாடுவதே ஆபத்து. இந்நோன்புக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை இல்லை.

இத்தகைய உடலைக் கொண்டே அருஞ்செயல் புரிந்தோர் நம் நாட்டில் உண்டு. இம்மராட்டிய மண்ணைச் சேர்ந்த முரளிகாந்த் பேட்கர், குத்துச்சண்டை பயின்ற படைவீரர். 1965 போரில் குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். கைகளை நம்பி நீச்சலில் இறங்கினார். 1972-இல் ஹைடல்பர்க் நகரில் நடந்த பாராலிம்பிக் போட்டியில் 50 மீட்டர் தூரத்தை 37.33 விநாடியில் நீந்தித் தங்கம் வென்றார். அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது 2018-இல். 1999 கார்கில் போரில் காலை இழந்த மேஜர் டி.பி. சிங், செயற்கைக் காலுடன் அரை மாரத்தான்கள் பல ஓடியவர்.

நவம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில், இருள் பிரியுமுன் கட்கியிலிருந்து நால்வர் புறப்பட்டோம். பாஷாண் ஏரிவரை சென்று, அங்கே சில சுற்றுகள் சுற்றித் திரும்புவது திட்டம். பதினாறாம் கிலோமீட்டரில் வலது முழங்கால் பிணங்கிற்று. ஆட்டோக்கள் வரிசையாக நின்றன. உடன் வந்த இளைஞர், "போதும், மாமா, கொடுத்த சொல்லுக்கு யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள்" என்றார். அப்போது நான் தூரத்தைக் கணக்கிடுவதை விட்டுவிட்டேன். கைக்கடிகாரத்தைப் பார்த்து, கால் மணிக்கொரு முறை, 'இதோ, அவர் எழுந்திருப்பார்' என்று எண்ணிக்கொண்டு நடந்தேன். அந்த இளைஞர் பேச்சை நிறுத்தித் தம் தோளைக் கொடுத்தார். நான்கு மணி இருபது நிமிடத்தில் தூரம் முடிந்தது.

திரண்ட தொகை ரூ. 6,300. மாவட்டப் படைவீரர் நல அலுவலகத்தில் சேர்த்துப் பற்றுச்சீட்டுப் பெற்றோம். பெரிய தொகையன்று. என் முழங்கால் பத்து நாளில் தேறிவிட்டது. அவர்களுடைய கால் மணிக் கணக்கோ ஓய்வதில்லை. ஆகவே பணத்தோடு நம் நேரத்தையும் கொடுப்போம். அவர்கள் ஆடும் கூடைப்பந்தைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோம், கைதட்டுவோம், ஆட்டம் முடிந்ததும் தமிழ் பேசத் துணையின்றி இருப்பவரோடு சிறிது நேரம் உட்கார்ந்து பேசுவோம். வரும் கொடி நாளுக்கு முன் மீண்டும் நடக்க எண்ணம். உடன் வருவோர் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். தோள் கொடுப்பவர்கள் இருப்பின், தூரத்தைப் பற்றிய அச்சம் வேண்டா.