அஞ்சுகிராமத்துப் பனையடியில்

நாஞ்சில் நாட்டின் நெல்வயல்கள் கிழக்கே வர வரச் சுருங்கி, செம்மண்ணும் உடைமரமும் பனையும் தலைகாட்டத் தொடங்கும் இடத்தில் அஞ்சுகிராமம் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் வரும் பேருந்துகள் கூடிப் பிரியும் அதன் சந்தியைக் கடந்து சற்றுத் தூரம் போனால் திருநெல்வேலிச் சீமை வந்துவிடும். கூடங்குளம் அணுமின் நிலையமும் அந்தத் திக்கில்தான். இன்று அது வெறும் மாவட்ட எல்லை. வழிப்போக்கன் கவனிக்கக்கூட மாட்டான். ஆனால் 1956 நவம்பர் 1-ஆம் நாள் அகஸ்தீஸ்வரம் தாலுகா, அன்று சென்னை மாநிலம் எனப்பட்ட தமிழ்நாட்டோடு இணையும் வரையில் அது மலையாள ராஜ்யத்தின் எல்லையாக இருந்தது. அதற்கும் முந்தைய நூற்றாண்டில், ஒரு ஸ்திரீ தன் தோளின்மேல் துணி போடலாமா கூடாதா என்பதையே தீர்மானிக்கும் எல்லையாக இருந்தது. நான் பார்க்கப் போனது பனையேறிகளின் தொழிலை; அதைப் பார்த்துக்கொண்டிருக்கையில் கண்ணுக்குத் தட்டுப்பட்டதோ இந்த எல்லைகளின் சரித்திரம்.

பங்குனி மாதம், அக்கானி நன்றாகச் சுரக்கும் பருவம். பிறர் பதநீர் என்பதை இங்குள்ள ஜனங்கள் அக்கானி என்பார்கள். விடியுமுன்பே மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தும், நான் தேடிப்போன பெரியவர் அதற்குள் சில மரங்களை முடித்துவிட்டு, முருக்குத்தடியை அடுத்த பனையில் சாய்த்துக்கொண்டிருந்தார். கால்களில் தளைநார், இடுப்பில் அருவாப்பெட்டி, அதற்குள் பாளை அரிவாளும் சுண்ணாம்பும், பக்கத்தில் தொங்கும் குடுவை, இவ்வளவே உபகரணங்கள். மரத்தை மார்போடு அணைத்து, தளைநார் இறுகிய பாதங்களை ஊன்றி எம்பி எம்பி அவர் மேலேறுவதைக் கீழிருந்து பார்க்கும்போது சுலபமான காரியமாகவே தோன்றும். இறங்கி வந்து நிற்கையில் அவர் மார்பிலும் முன்கைகளின் உட்புறத்திலும் காய்த்துக் கறுத்திருந்த தோலைப் பார்த்த பிறகுதான், அந்தச் சுலபத்துக்குச் செலுத்தப்பட்ட விலை விளங்கியது.

ஏறுவது தொழிலில் பாதிதான். மேலே போனதும், கடிப்பு என்னும் இடுக்கியால் அழுத்திப் பக்குவப்படுத்திக் கட்டிவைத்த பாளையின் நுனியைக் காகிதம்போல் மெலிதாகச் சீவவேண்டும். கனமாகச் சீவினால் பாளை பருவம் முடியுமுன்பே தீர்ந்துபோகும். ஒரு வேளை சீவாமல் விட்டாலோ சீவிய வாய் அடைபட்டுச் சுரப்பு குன்றிவிடும். ஆகையால் தை, மாசியில் தொடங்கும் பருவம் ஆனியை எட்டும்வரை காலையும் மாலையும் தவறாமல் ஏறியாக வேண்டும். கலியாணமானாலும் துஷ்டி வீடானாலும் மரம் முடித்துத்தான் போகவேண்டும். கட்டுப்பாடு என்று நாம் பேசுகிறோமே, அது இந்தக் குடும்பங்களுக்கு நீதிநூல் கற்பித்ததன்று, பாளை கற்பித்தது.

பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசியிருந்தால் இறங்குவது அக்கானி. பூசாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்குவதற்குத் தடை இருப்பதால், ஒரு மனிதன் உழைப்பாளியா குற்றவாளியா என்பது அந்த வெள்ளைப் பூச்சினாலே நிர்ணயமாகிறது. மேற்கே களியக்காவிளையைத் தாண்டிவிட்டால் கேரளத்தில் அதே கள் அரசாங்க அநுமதியோடு கடையில் விற்கப்படுகிறது. மரம் ஒன்றே, பாளை ஒன்றே. எல்லைக்கோடு மட்டும் வேறு.

இந்த விநோதம் இவர்களுக்குப் புதியதன்று. திருவிதாங்கூர் மன்னராட்சியில் பனையை அண்டிப் பிழைத்த நாடார் குடும்பங்கள் தலைவரி கொடுத்தார்கள். ஏறும் ஏணிக்கும் காலில் மாட்டும் தளைக்குங்கூட வரி கொடுத்தார்கள். அதற்கு மேலும் கூலியில்லாத ஊழியம் செய்தார்கள். அவர்களுடைய ஸ்திரீகள் மேலாடை அணிவது குற்றம் எனப்பட்டது. கிழக்கே சில மைல் தூரத்தில், 1801 முதல் கிழக்கிந்தியக் கும்பினியின் நேர் ஆட்சியிலிருந்த திருநெல்வேலிச் சீமையில் ராஜாங்கம் விதித்த அத்தகைய ஆடைவிதி இல்லை. ஒரே இரத்தம், ஒரே மரம், ஒரே பாஷை. இருந்தும் கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்த ஒரு பெண்ணுக்கு ஒரு முழத் துணி மறுக்கப்பட்டது.

இந்தப் பூமியிலேதான் அதற்கான மறுப்பும் எழுந்தது. அஞ்சுகிராமத்திலிருந்து வெகுதூரமில்லாத மயிலாடியில், மகாராசன் வேதமாணிக்கத்தின் அழைப்பினால் 1806-இல் வந்த ரிங்கல்தௌபே பாதிரியார் 1809-இல் ஆலயம் எழுப்பினார். அதைத் தொடர்ந்து பள்ளிக்கூடங்கள் வந்தன. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் 1821-இல் பெண்களுக்குப் பின்னல் வேலை கற்பித்து, அவர்கள் கையில் சொந்தச் சம்பாத்தியம் என்ற ஒன்றை வைத்தார். சாமித்தோப்பில், பனையேறும் குடும்பங்களின் நடுவே வாழ்ந்த ஐயா வைகுண்டர், தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து வழிபடுங்கள் என்று தம் மக்களுக்குச் சொன்னார். குனிந்து கைகட்டி நிற்கப் பழக்கப்பட்டவர்களிடம் அதைச் சொல்வது எவ்வளவு பெரிய ராஜத்துரோகம் என்பதை மன்னரும் உணர்ந்தேயிருக்கவேண்டும், இல்லாவிட்டால் அவரைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்ச் சிறை வைத்திருக்கமாட்டார். அவர் வழியினரின் புனித நூலாக 1841-இல் எழுந்த அகிலத்திரட்டு அம்மானை அந்த வரிகளையும் ஊழியத்தையும் சுவடியில் ஏற்றி நிலைநிறுத்தியது. மேலாடை உரிமைக்காக எழுந்த தோள்சீலைக் கலகம் முற்றி வீடுகளும் ஆலயங்களும் எரிந்தபின், சென்னை ராஜதானியின் நெருக்குதலால் 1859 ஜூலை 26-ஆம் தேதி மகாராஜா பிரகடனம் வெளியிட்டார். மேலாடை அணியலாம், ஆனால் மேல்ஜாதி ஸ்திரீகள் அணிவதைப்போல் அணியலாகாது என்றது அப்பிரகடனம். கொடுக்கும்போதும் ஒரு முழம் குறைத்துக் கொடுப்பதே அதிகாரத்தின் சுபாவம் போலும்.

மிஷனரிகளையும் முழுக்கப் புகழ்ந்துவிட முடியாது. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் பாதிரியார் நாடார் சமுதாயத்தைப் பற்றி 1849-இல் எழுதிய நூலை, அதில் கண்ட தாழ்வான சித்திரத்துக்காக அச்சமுதாயத்தினரே பின்னாளில் கடுமையாக எதிர்த்தார்கள். எழுதப் படிக்கக் கற்றவன் முதலில் படிப்பது தன்னைப்பற்றி எழுதியதைத்தானே!

வெயில் ஏறுமுன் அக்கானி வீடு வந்து சேர்ந்தது. அதன்பின் ராஜ்யம் அந்த வீட்டு அம்மாளுடையது. சுண்ணாம்பு தெளியவிட்டு வடிகட்டி, வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி, பனையோலையும் மட்டையும் இட்டு எரித்துக்கொண்டு மணிக்கணக்கில் புகையில் நின்று கிண்டவேண்டும். நுரை பொங்கி அடங்கி, நிறம் பொன்னாகிப் பின் செம்மையாகிக் கறுத்து வருகையில், தண்ணீரில் ஒரு துளி விட்டு விரலால் உருட்டிப் பார்த்துப் பதம் கண்டு, வரிசையாய் வைத்த சிரட்டைகளில் ஊற்றுகிறார்கள்; அது உறைந்து கருப்பட்டியாகிறது. கணம் பிந்தினால் கரிந்துவிடும், முந்தினால் உறையாது. மரமேறுவதைப் படம்பிடிக்க வருகிறவர்கள் இந்த அடுப்படிக்கு வருவதில்லை. புகையில் கண் எரியும் என்பதுதான் காரணமாக இருக்கவேண்டும்.

"பையன் மஸ்கட்டுல ஏசி மெக்கானிக்கா இருக்கான்" என்றார் பெரியவர். ஊருக்கு வந்தால் மரமேறுவானா என்று கேட்டேன். "அவன் ஏறாம இருக்கதுக்குத்தான தம்பி நான் ஏறினது" என்றார். அடுப்பைத் தள்ளிக்கொண்டிருந்த அம்மாள் தலை நிமிராமலே, "பனையேறி வீடுன்னு சொன்னா பொண்ணு தரமாட்டேங்காவ, மக்களே. நம்ம ஆளுவதான்" என்றார். ஏறிய தலைமுறையின் கருப்பட்டிக் காசில் கடையும் கல்லூரியும் கண்ட சமுதாயமே இன்று ஏறுகிறவனைச் சம்பந்தி என்று சொல்லக் கூசுகிறது. இது மன்னன் போட்ட சட்டமன்று.

தொழில் அழிகிறதே என்று பட்டணத்தில் அங்கலாய்ப்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. தகப்பன் தொழிலை மகன் விட்டுவிடமுடிவது, இந்தக் குடும்பங்கள் தலைப்பாகையும் மேலாடையும் கேட்டுப் போராடிப் பெற்ற சுதந்திரத்தின் ஓர் அம்சம். பனையை 1978-இல் மாநில மரமாக்கினோம். 2021-இல் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனைவிதைகளுக்கும், கலெக்டர் அநுமதியின்றி மரம் வெட்டலாகாது என்ற விதிக்கும் இடம் கொடுத்தோம். நல்ல காரியங்களே. ஆனால் பனை பலன்தரப் பதினைந்து வருஷங்களாவது ஆகும், அப்போது ஏறுவதற்கு ஆள் வேண்டுமே! விழுந்தால் குடும்பத்தைத் தாங்கும் ஈட்டுறுதியும், ஊரார் முன்னே நிமிர்ந்து சொல்லிக்கொள்ளத்தக்க வருமானமும் இருந்தாலன்றி எந்த வாலிபனும் தளைநாரைத் தொடமாட்டான், தொடவும் வேண்டியதில்லை.

சந்தையில் சீனி கலந்த கருப்பட்டி மலிவாய்க் கிடைப்பதால் இவர்களுடைய சரக்கு விலைபோவது கடினமாகிறது. உடைத்த இடத்தில் சில்லுச் சில்லாய் மினுங்கினால் சீனி சேர்ந்திருக்கிறது என்று அந்த அம்மாள் எனக்கு அடையாளம் சொன்னார். வாசகர்களே, உடைத்துப் பார்த்தே வாங்குங்கள்; மினுங்காத கருப்பட்டிக்கு அவர்கள் சொல்லும் விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.