பரங்கிமலையிலிருந்து வல்லம் வரை

புனித தோமையார் மலைக்குத் திருயாத்திரை செல்லாத கத்தோலிக்கக் குடும்பங்கள் நம்மிடையே சிலவாகவே இருக்கும். ஏறத்தாழ 300 அடி உயரமுள்ள அம்மலையின் உச்சியில், போர்த்துக்கீசியர் 1523-இல் எழுப்பிய தேவமாதாவின் ஆலயம் நிற்கிறது. செபம் முடித்து வெளியே வந்து நிற்பவர் கண்ணுக்குக் கீழே மீனம்பாக்கம் விமான நிலையம் விரிகிறது. அயல்நாட்டு வணிகர்கள் பலர் சென்னை மண்ணில் முதன்முதல் கால் வைப்பது அங்கேதான்.

அவர்கள் இப்பெருநகரை நாடி வருவது எதற்காக? அவர்தம் வருகையால் நம் மக்கள் அடைவது என்ன? இவ்விரு வினாக்களையும் நெஞ்சிற் சுமந்துகொண்டு, மலையடிவாரத்திலிருந்து மேற்கே ஸ்ரீபெரும்புதூர் நோக்கிப் புறப்படுவோம்.

புறப்படுமுன் நாம் இறங்கிவரும் படிகளைச் சற்றே நோக்குவோம். இவற்றை அமைத்தவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்னும் ஆர்மேனிய வணிகர். யாத்திரிகர்கள் அடையாற்றைக் கடந்து மலைக்கு வர வேண்டுமென்று சைதாப்பேட்டையில் 1726-இல் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுப் பாலம் கட்டியவரும் அவரே. அவ்விடத்தில் இன்று மறைமலையடிகள் பாலம் நிற்கிறது. பொருளீட்ட வந்த அந்நியர் ஒருவர், பொதுமக்களின் பாதங்களை மறவாதிருந்தார் என்பதற்கு இப்படிகளே சான்று.

அக்காலத்தில் அயல்நாட்டாரை இக்கரைக்கு ஈர்த்தது துறைமுகமன்று. இயற்கைத் துறைமுகம் என்பது சென்னைக்கு என்றுமே இருந்ததில்லை. கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரமிட, மசூலாப் படகுகள் அலைகளோடு போராடிப் பண்டங்களைக் கரை சேர்த்தன. அவ்வாறிருந்தும் 1639-இல் பிரான்சிஸ் டே என்னும் ஆங்கிலேயர் இந்த மணற்கரையைத் தெரிந்துகொண்டதற்குக் காரணம், இங்கே நல்ல பருத்தித் துணி மலிவாகக் கிடைத்ததே. அதாவது, அன்று வணிகரை அழைத்து வந்தவை நம் நெசவாளரின் கைகள். இந்த உண்மையை மனத்திற் கொண்டே வழி நடப்போம்.

மலைக்கு வடகிழக்கே கிண்டி இருக்கிறது. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றியதே இன்றைய கிண்டிப் பொறியியற் கல்லூரி. அதே கிண்டியில் 1958-இல் தொழிற்பேட்டை எழுந்தது. பின்னர் அம்பத்தூரில் அதனினும் பெரிய தொழிற்பேட்டை அமைந்தது. பெரம்பூரில் 1955 முதல் இரயில் பெட்டிகள் உருவாகி வருகின்றன. திருகாணியும் விசைவில்லும் வார்ப்பும் செய்யும் சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. ஆகவே 1991-க்குப்பின் இந்தியா தன் வாயில்களை அயல்நாட்டு முதலீட்டிற்கு அகலத் திறந்தபோது, வந்தவர்களுக்குத் தேர்ந்த தொழிலாளரும், உதிரிப்பாகம் செய்வோரும், பொறியாளரும் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தனர். இத்தகைய ஆயத்தத்தை எந்த அரசும் ஒரே நாளில் உண்டாக்கிவிட முடியாது; இரண்டு மூன்று தலைமுறைகளின் உழைப்பு அதற்குத் தேவை.

மவுண்ட்-பூந்தமல்லி சாலை வழியே போரூரைக் கடந்து, பெங்களூர் நெடுஞ்சாலையை அடைகிறோம். செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டியதும் இருங்காட்டுக்கோட்டை வருகிறது. கொரியாவின் ஹூண்டாய் நிறுவனம் 1996-இல் இந்தியாவில் கால்கொண்டு, 1998-இல் இங்கிருந்து முதற் காரை விற்பனைக்கு அனுப்பியது. 1971-இல் தோன்றிய ‘சிப்காட்’ என்னும் அரசு நிறுவனம் நிலத்தைத் திரட்டி, சாலை, நீர், மின்சாரம் ஆகியவற்றோடு தொழிலதிபர்களுக்கு அளித்து வருகிறது. சென்னைத் துறைமுகத்தோடு எண்ணூர்த் துறைமுகமும் 2001-இல் சேர்ந்தது. காட்டுப்பள்ளி அதன்பின் வந்தது. இங்கே பூட்டப்படும் கார் சில மணி நேரத்தில் கப்பலேற முடியும். ஒரு பெரிய ஆலை வந்தால் அதற்குப் பாகம் செய்யும் ஆலைகள் பின்தொடர்கின்றன. அவை இருப்பதைக் கண்டு அடுத்த பெரிய ஆலை வருகிறது. ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை 2010-இல் இயங்கத் தொடங்கியதும் இந்த ஓட்டத்திலேதான்.

எனினும், வருகின்ற மூலதனம் என்றும் தங்கும் என்பதற்கு உறுதி உண்டோ? ஸ்ரீபெரும்புதூர் அதற்கு விடை சொல்லும். பின்லாந்தின் நோக்கியா நிறுவனம் 2006-இல் அங்கே கைப்பேசித் தொழிற்சாலையைத் திறந்தது. ஏறத்தாழ 8,000 பேர் அதில் நேரடியாக வேலை பெற்றனர். பிறகு வரி வழக்கு எழுந்தது. 2014-இல் அந்நிறுவனத்தின் கைப்பேசித் தொழில் அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் கைக்கு மாறிய வேளையில், வழக்கிற் சிக்கிய இத்தொழிற்சாலை மட்டும் பின்தங்கியது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் இயந்திரங்கள் ஓய்ந்தன. தெற்கே மறைமலைநகரிலும் 1999-இல் திறக்கப்பட்ட ஃபோர்டு ஆலை 2022-இல் கார் உற்பத்தியை நிறுத்தியது. மூலதனத்திற்குச் சிறகுண்டு, அது பறந்து வேறு நாட்டில் அமரும். வீட்டுக் கடனும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும், முதிய பெற்றோரும் உள்ள தொழிலாளிக்கோ அச்சிறகு இல்லை.

இன்னும் மேற்கே சுங்குவார்சத்திரம். இங்குள்ள மின்னணு ஆலைகளில் உழைப்போரில் பெரும் பகுதியினர் இளம்பெண்கள். தென் மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, ஜார்க்கண்ட் போன்ற தொலை மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். முறை மாறும் வேளையில் நிறுவனப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்க, கழுத்தில் அடையாள அட்டையோடு அவர்கள் ஏறுவதைக் காணலாம். 2021 டிசம்பரில், இப்பகுதி ஆலையொன்றின் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்தனர். தோழியரின் நிலையறியாது கலங்கிய பெண்கள் இந்நெடுஞ்சாலையிலேயே விடிய விடிய அமர்ந்தனர். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. அதன் பொருள்களை வாங்கும் அயல்நாட்டு நிறுவனமே, விடுதிகளிலும் உணவுக்கூடங்களிலும் குறை இருந்ததை ஒப்புக்கொண்டது.

அப்பெண்களின் கண்ணீர் வீண் போகவில்லை. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில், 18,720 பெண்கள் தங்கத்தக்க மாபெரும் குடியிருப்பை ரூ.706.50 கோடி செலவில் சிப்காட் நிறுவனம் கட்டியது. அது 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. உயர்ந்து நிற்கும் அம்மாளிகைகளின் முன்னே நிற்கும்போது, தொழிலாளர் உறங்குமிடமும் உண்ணும் உணவும் தொழில் வளர்ச்சியின் பகுதியே என்னும் பாடம் காலந்தாழ்ந்தேனும் கற்கப்பட்டதை எண்ணி மனம் ஆறுதல் அடைகிறது.

திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இல் தொழிலாளரின் உரிமைகளுக்காகத் திருமடல் விடுத்தார். 1986-இல் இதே தோமையார் மலைக்கு வந்து செபித்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு மனித உழைப்பைப் பற்றி எழுதிய திருமடலில், மூலதனத்தினும் உழைப்பே முதன்மையானது என்று போதித்தார். நெசவாளரின் கைகளைத் தேடி வந்த கப்பல்கள் முதல் பெண்மக்களின் விரல்களைத் தேடி வரும் விமானங்கள் வரை, இந்நகரின் வரலாறு அப்போதனைக்கு விளக்கவுரையாக அமைந்திருக்கிறதன்றோ!

ஆதலின் நம் குடும்பங்கள் இரண்டு காரியங்களைச் செய்யலாம். பிள்ளையை ஆலை வேலைக்கு அனுப்பும் பெற்றோர், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாது, தங்குமிடம் எது, வேலை நிரந்தரமா ஒப்பந்தமா, வருங்கால வைப்புநிதி பிடிக்கப்படுகிறதா என்றும் கேட்டறிக. தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊர்களின் பங்குமக்களோ, ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் முகமறியாது நிற்கும் அயலூர்ப் பெண்ணிடம் சென்று, “எந்த ஊர் அம்மா? சாப்பிட்டாயா?” என்று கேட்பாராக. அவள் நம் மொழி அறியாதவளாயினும் அந்தப் பரிவை அறிவாள்.

ஆர்மேனிய வணிகர் ஈட்டிய செல்வம் இன்று எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அவர் அமைத்த படிகளிலோ இன்றும் நம் பாதங்கள் ஏறுகின்றன.