ஏசி போட்டா ஊசிப்போன வாடை

எங்கம்மாவுக்கு வீசிங் உண்டுங்க. மாசம் ஒருக்கா பனமரத்துப்பட்டியில இருந்து சேலத்துக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். போன ஆவணியில ஒரு நாள், ஏசியைப் போட்ட ரெண்டாவது நிமிசம் இருமல் ஆரம்பிச்சிருச்சு. "இந்த வண்டி ஆகாது கண்ணு, நான் டவுன் பஸ்ஸுலயே போய்க்கறேன்"னு இறங்கிட்டாங்க. எழுபது வயசுல பஸ்ஸுல நின்னுட்டுப் போறேன்னு சொல்ற அளவுக்கு நாத்தம்னா பார்த்துக்கோங்க.

நாத்தம்னா எப்படி? மழைக்காலத்துல காயாத துணியை மடிச்சு பீரோவுல வெச்ச மாதிரி, கொஞ்சம் புளிச்ச வாடை. மச்சான் ஒரு பெர்ஃப்யூம் டப்பா வாங்கிட்டு வந்து மாட்டினார். அதுக்கப்புறம் புளிச்ச மல்லிகைப்பூ வாடை :-) பக்கத்து வீட்டு ஆயா சாம்பிராணி போடச் சொன்னாங்க. வீசிங் இருக்கிறவங்க உட்கார்ற வண்டிக்குள்ள புகையா? வேண்டாம்னுட்டேன். சேலத்துல ஒரு ஏசி கடையில (பேர் வேண்டாம்) வண்டியைப் பார்க்காமலேயே "டேஷ்போர்டை இறக்கணுங்ணா, எட்டாயிரம் ஆகும்"னாங்க. சரிதான்னு நானே உட்கார்ந்துட்டேன்.

முதல்ல வாடை எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கணும் இல்லையா. வெளிக்காத்தை அடைச்சு உள்காத்தையே சுத்த விடுற பட்டன் இருக்கே, அதை ரெண்டு பக்கமும் மாத்திப் பார்த்தேன். வெளிக்காத்துல மட்டும் வந்தா கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் பக்கத்துல இருக்கிற ஜல்லியில வேப்பஞ்சருகு அழுகிக் கிடக்கலாம். இல்லேன்னா ஊர் வாடையா இருக்கலாம். மல்லூர்ப் பக்கம் போறப்ப ஜவ்வரிசி மில்லுக் கழிவுத்தண்ணி, நாமக்கல் போனா கோழிப்பண்ணை, இதுக்கெல்லாம் வண்டி பொறுப்பாகாது! ஆனா எனக்கு ரெண்டுலயும் வந்துச்சு. ஆக, வாடை உள்ளேதான். அடுத்து ஏசியை அணைச்சு வெறும் ஃபேன். அஞ்சு நிமிசத்துல வாடை குறைஞ்சுது. மறுபடி ஏசி, மறுபடி வாடை. அப்ப ஈரம்தான் ஆள்.

ஜில்லுனு மோர் ஊத்துன டம்ளர் வெளியே வேர்க்குமே, டேஷ்போர்டுக்குள்ள இருக்கிற கூலிங் காயிலும் அப்படித்தான். காத்துல இருக்கிற ஈரம் காயில்ல படிஞ்சு, ஒரு சின்ன ஓஸ் வழியா வண்டிக்கு அடியில சொட்டும். சொட்டாம உள்ளேயே நின்னா, இருட்டு, தூசி, ஈரம் மூணும் சேர்ந்து பூஞ்சையும் பாக்டீரியாவும் குடும்பம் நடத்தும். வீசிங் இருக்கிறவங்களுக்கு அந்தக் காத்து சும்மா இருக்குமா?

வாசல்ல நிறுத்தி கால்மணி நேரம் ஏசி ஓட விட்டேன். தரையில சொட்டுத் தண்ணி இல்லை. பக்கத்து சீட்டுக்குக் கீழே மேட்டைத் தூக்கினா கார்ப்பெட் நசநசன்னு இருக்கு. அடியில படுத்துப் பார்த்தா ஓஸ் வாயில கச்சிதமா ஒரு மண்ணுருண்டை. குளவிக்கூடு!

அம்மா ஒடனே, "குளவி கூடு கட்டுனா அந்த வீட்டுல விசேசம்டா"ன்னாங்க. வண்டிக்கு விசேசம்னா எந்த டாக்டர்கிட்ட போறதுன்னு தெரியலை :-)

கம்பி விட்டுக் குத்தினா உள்ளே காயில் ஓட்டையாகலாம், அப்புறம் கேஸ் போச்சு. அதனால மெல்லிசான பிளாஸ்டிக் டியூபை விட்டு நெருடினேன். மண்ணு கரைஞ்சு, கருப்பா ஒரு சொம்பு தண்ணி கொட்டுச்சு. அந்த வாடையை எழுத்துல கொண்டுவர முடியாது.

அப்புறம் க்ளவ் பாக்ஸைக் கழட்டி ஃபில்டரை உருவினேன். (சில பழைய கார்கள்ல ஃபில்டரே இருக்காது.) செம்மண்ணு, சருகு, ஒரு ஓரத்துல எலி கடிச்ச தடம். எலிப்புழுக்கை இருந்தா அப்படியே கூட்டித் தள்ளாதீங்க, தூசியோட மூக்குக்குள்ள போயிடும். மாஸ்க், கையுறை போட்டு, ப்ளீச்சிங் தண்ணி தெளிச்சு நனைச்சுட்டுத் துடைக்கணும். புது ஃபில்டர் போட்டேன், காயில் கழுவுற நுரை ஸ்ப்ரே ஒண்ணு அடிச்சு ஊற விட்டேன். கார்ப்பெட் காய்றதுக்கு மட்டும் ரெண்டு நாள் வெயில் ஆச்சு. மொத்தச் செலவு ஆயிரத்துக்குள்ள.

அடுத்த மாசம் அம்மா கார்லதான் வந்தாங்க, ஜன்னலைப் பாதி இறக்கி வெச்சுட்டு. அவங்களுக்கு இன்னும் முழுசா நம்பிக்கை வரலை.

இப்ப வீட்டுக்கு வர மூணு நிமிசம் முன்னாடியே ஏசியை அணைச்சு ஃபேனை மட்டும் ஓட விடுறேன், காயில் காயட்டும்னு.

எல்லா வாடையும் இப்படி லேசுல முடியாது. இனிப்பா வாடை வந்து கண்ணாடியில பிசுபிசுன்னு படிஞ்சா கூலண்ட் கசியுது. பெட்ரோல் வாடையோ வயர் கருகுற வாடையோ வந்தா வண்டியை ஓரங்கட்டி, அணைச்சுட்டு இறங்கிடுங்க. புகை வாடை வந்தா ஓட்டவே வேண்டாம். அதோட வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. எஞ்சினை ஓட விட்டு கண்ணாடியை ஏத்திட்டு உள்ளே தூங்குறவங்க வீட்டுல இருந்தா, அவங்களை மொதல்ல எழுப்பி இதைச் சொல்லுங்க.