பரண் மேல் நாலு தந்தி

ஞாயிற்றுக்கிழமை ஆனால் சிலர் மீன் வாங்கப் போவார்கள். சிலர் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு மல்லாந்து கிடப்பார்கள். நான் பழைய எலெக்ட்ரிக் பேஸ் கிடார் தேடிப் போகிற ஜாதி! விழுப்புரத்தில் ஃபைல் புரட்டுகிற பிழைப்பு. வாரக் கடைசியில் இந்தப் பிழைப்பு. ‘‘பேஸ் கிடார்னா என்ன சார்... பேஸ்மென்ட்ல உக்காந்து வாசிக்கறதா?’’ என்று பக்கத்து சீட்காரர் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சாதா கிடாருக்கு ஆறு தந்தி. இதற்கு நாலுதான்; ஆனால் ஒவ்வொன்றும் கொடிக் கம்பி மாதிரி தடிமன். கச்சேரியில் ‘தும்... துதும்...’ என்று அடிவயிற்றில் வந்து இடிக்கிறதே, அதுதான். நம் ஆபீஸ் தபால் பிரிவு குமாஸ்தா மாதிரி இது. இருக்கும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒருநாள் லீவு போட்டால்தான் ‘ஐயோ, எங்கே அவர்?’ என்பார்கள்.

இதை ஊர் உலகத்துக்குக் கொண்டுவந்தவரும் நம்ம ஆள்தான் - கணக்கு எழுதியவர்! அமெரிக்காவில் கலிஃபோர்னியா பக்கம் லியோ ஃபெண்டர் என்பவர் கணக்கர் உத்தியோகம் பார்த்து, அது போனதும் 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தார். 1951-ல் ‘பிரிஸிஷன் பேஸ்’ என்ற எலெக்ட்ரிக் பேஸ் கிடாரை விற்பனைக்கு விட்டார். அதுவரை ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸை வண்டி வைத்துத் தூக்கிப் போன வித்வான்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், ஃபெண்டருக்குக் கிடார் வாசிக்கவே தெரியாது! 1965-ல் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்திடம் 130 லட்சம் டாலருக்கு விற்றார். அந்த விற்பனைக்கு முந்தைய கிடார் என்றால் இன்று லட்சக்கணக்கில் விலை.

தமிழ்நாட்டில் 1976-ல் ‘அன்னக்கிளி’யோடு இளையராஜா வந்தார். அவர் பாட்டில் பேஸ் கிடார் பின்னால் ஒட்டிக்கொண்டு வராமல் தனி ராஜபாட்டையில் நடந்தது. சசிதரனின் வாசிப்பைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். பிறகு ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸ். இவர்களைக் கேட்டுவிட்டு, மயிலம் பங்குனி உத்திரத்திலிருந்து கல்யாண மண்டபம் வரை பாடிய மெல்லிசைக் குழுக்கள் எல்லாமே ‘நமக்கும் ஒரு பேஸ் வேணும்’ என்று கிளம்பின.

ஆனால் கிடைக்க வேண்டுமே! வெளிநாட்டுச் சாமான் இறக்குமதிக்கு அப்போது ஆயிரம் கெடுபிடி. கட்டுப்பாடுகள் முழுசாக விலகியதே 2001-ல்தான். அதனால் மூன்று வழி. ஒன்று, கல்கத்தா தயாரிப்பான ‘கிவ்ஸன்’ - அமெரிக்க ‘கிப்ஸன்’ இல்லை, நடு எழுத்தைப் பார்த்துப் படியுங்கள்! இரண்டு, கப்பலில் வேலை பார்க்கும் மச்சான். மூன்று, உள்ளூர் ஆசாரி.

பிறகு கீபோர்டு வந்தது. அந்த வாத்தியக்காரர் இடது கையாலேயே பேஸையும் தட்டிவிட்டார். ஒரு ஆள் பேட்டா மிச்சம்! பேஸ் கிடார்கள் ஒவ்வொன்றாகப் பரணுக்கு ஏறின. நான் அந்தப் பரண்களைத் தேடி ஏறுகிறவன்.

என் பையில் தையல்கார டேப், ஸ்க்ரூ டிரைவர், டார்ச், பூதக்கண்ணாடி நாலும் இருக்கும். முதலில் டேப். தந்தி தொடங்கும் இடத்திலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பி வரை அளக்க வேண்டும். ஃபெண்டர் பிரிஸிஷன் என்றால் 17 அங்குலம், இரட்டித்தால் 34. அடுத்தது வரிசை எண். 1976 கடைசி வரைக்கும் முதுகில் உள்ள இரும்புத் தகட்டில் இருக்கும். அதன்பின் தலைப்பகுதிக்கு வந்துவிட்டது. ‘எஸ்’ என்று ஆரம்பித்தால் எழுபதுகள், ‘ஈ’ என்றால் எண்பதுகள். ஆனால் தகட்டை நாலு ஸ்க்ரூவில் மாற்றிவிடலாம். பெயரை பெயின்டர் எழுதிவிடுவார்.

ஆகவே உள்ளே திறக்க வேண்டும். வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் ஒரு எண் குத்தியிருக்கும். 137 என்று தொடங்கினால் சி.டி.எஸ். கம்பெனி, 304 என்றால் ஸ்டாக்போல். அதற்கப்புறம் வருடம், வாரம். 1376633 என்றால் 1966-ம் வருடம் 33-வது வாரம். கன்ட்ரோல் பிறப்பதற்கு முன்னால் கிடார் பிறந்திருக்க முடியாது இல்லையா? ஈயப் பற்று கலையாமல் இருந்தால் நம்பலாம். கடைசியாகக் கழுத்தைக் கழற்றினால், அதன் அடிக்கட்டையில் 1950-களில் பென்சிலால் தேதி எழுதியிருப்பார்கள். பிற்பாடு முத்திரை குத்தினார்கள். ஜாதகம் எழுதுவது மாதிரிதான்!

இந்தப் பையோடுதான் போன வருஷம் திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு தாண்டி இறங்கினால் வேகாத வெயில். மெல்லிசைக் குழுவில் வாசித்த ஒரு பெரியவர் வீட்டில் ஃபெண்டர் இருப்பதாகத் தகவல். 1978-ல் மெட்ராஸில் ஒரு குழுவிடம் 1,100 ரூபாய்க்கு வாங்கினாராம். ‘‘இந்தம்மா சங்கிலியை வச்சுத்தான் சார் வாங்கினது. கப்பல்ல வந்த சரக்கு’’ என்றார்.

அந்தம்மா மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். மகன் செல்போனில் விலையைப் பார்த்து வைத்திருந்தார். பேத்திக்கு எஞ்சினீயரிங் சீட் கிடைத்திருந்தது. ‘‘நாலு லட்சம் தேறினா போதும் சார்... நாலு வருஷமும் முடிஞ்சிடும்.’’

அப்போதுதான் எனக்கு மோர் தொண்டையில் நின்றது.

டேப் வைத்தேன். 15 அங்குலம். இரட்டித்தால் 30. தலையில் ‘ஃபெண்டர்’ என்ற எழுத்து பிரஷ்ஷால் அழகாக எழுதியிருந்தது. கன்ட்ரோல், பழைய ரேடியோவிலிருந்து கழற்றியது. பெயின்ட் உரிந்த இடத்தில் மரம் மஞ்சளாகத் தெரிந்தது. ஃபெண்டரில் ஆல்டர், ஆஷ் என்று மரம் போடுவார்கள். இது பலா! தஞ்சாவூர் வீணைக்குப் பண்ருட்டியிலிருந்து போகிறதே, அதே பலா.

கழுத்தைக் கழற்றினேன். அடிக்கட்டையில் பென்சில் எழுத்து இருக்கத்தான் இருந்தது. ‘உ. திண்டிவனம். தை 74.’

மூன்று பேரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். எத்தனையோ வீட்டில் உதட்டைப் பிதுக்கியிருக்கிறேன். அங்கெல்லாம் காலேஜ் ஃபீஸ் குறுக்கே நின்றதில்லை. ‘மெட்ராஸ்ல காட்டிட்டு சொல்றேங்க’ என்று நழுவலாம். ஆனால் அந்த நம்பிக்கையில் அவர்கள் வட்டிக்கு வாங்கிவிட்டால்?

‘‘ஐயா, இது ஃபெண்டர் இல்லீங்க. அஞ்சாயிரம் ஆறாயிரம் போகலாம். அவ்வளவுதான்’’ என்று சொல்லிவிட்டேன்.

மகன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘‘அப்ப இத்தினி வருஷமா டூப்ளிகேட்டா சார் வாசிச்சேன்?’’ என்றார்.

பதில் என்னிடமிருந்து வரவில்லை. அந்தம்மாதான் குனிந்து பென்சில் எழுத்தைப் பார்த்தார். ‘‘தே... இது நம்ம பின்தெரு ஆசாரி எழுத்து மாதிரியில்ல கீது? ஆர்மோனியப் பெட்டிலாம் செய்வாரே! நம்ம கட்டிலுக்கு அடியிலயும் இப்படித்தான் ‘உ’ போட்டு எழுதியிருப்பாரு.’’

டார்ச்சோடு கட்டிலுக்கு அடியில் படுத்தேன். அதே சுழி. அதே பென்சில்! பின்தெருவில் பிறந்த கிடாரை மெட்ராஸ் போய்க் கப்பல் சரக்கு என்று வாங்கி வந்திருக்கிறார் மனிதர். முதலில் சிரித்தவர் அந்தம்மாதான். ‘‘சங்கிலியை வைக்காம ஆசாரிகிட்ட நேரா வாங்கியிருந்தா முந்நூறோட முடிஞ்சிருக்கும்!’’

எனக்கோ கை அரித்தது. ஃபெண்டராவது ஆயிரக்கணக்கில் இருக்கிறது. வெளிநாட்டுக் கிடாரின் படம் ஏதோ பார்த்துத் திண்டிவனத்து ஆசாரி பலாவில் இழைத்தது வேறு எங்கே கிடைக்கும்? ஆறாயிரத்தை எடுத்து வைத்தால் தந்துவிடுவார்கள். ஆனால் விலை சொன்ன வாய் விலை கேட்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் நான் வைத்திருக்கும் ஒரே சட்டம். ‘மட்டம்’ என்று சொல்லிவிட்டு அதையே அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினால், பின்னால் நிற்பவர்கள் என்ன நினைப்பார்கள்? இன்னொருவரிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுக் கழுத்தை மாட்டிக் கொடுத்தேன்.

குமாஸ்தா புத்தி வேறு எதற்கு இருக்கிறது? மகனை உட்காரவைத்துக் கல்விக் கடன் மனு எழுதினோம். நாலு லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் கேட்பதில்லை, பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்ற விவரமே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மூன்று தடவை அலைந்தார். கிடைத்தது.

2024 பிப்ரவரியில் ஒரு செய்தி வந்தது, நினைவிருக்கிறதா? பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஜெர்மனியில் சுமார் முப்பது பவுனுக்கு வாங்கிய ஹாஃப்னர் பேஸ் கிடார், 1972-ல் லண்டனில் திருடு போய், ஒரு வீட்டுப் பரணில் கிடைத்து அவர் கைக்கே திரும்பியது. அதைச் சொன்னபோது பெரியவர், ‘‘அவருக்குக் கிடைச்சப்ப தந்தி இருந்திச்சா சார்?’’ என்றுதான் கேட்டார். இவருடையதில் நாலுமே துருப்பிடித்திருந்தன.

குட்டை சைஸ் தந்தி சென்னையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தேன். இப்போது அந்த வீட்டுப் பரணில் இருப்பது காலி பெட்டி மட்டும்தான். பேத்தி லீவுக்கு வந்தால் தாத்தா கையில் கிடார் இருக்கிறது. எதிர்வீட்டுக்காரர்தான் பாவம், சுவர் அதிர்கிறது என்று புகார் சொல்கிறாராம்!