முப்பத்தெட்டு வீதம்

2022ஆம் ஆண்டு தரம் 12 பிள்ளைகளுக்கு ஓர் ஒப்படை கொடுத்தேன். வீட்டிலுள்ள முதியவர் ஒருவரிடம் கேட்டு, அவருடைய வாழ்க்கையை நான்கு பக்கத்தில் எழுத வேண்டும். இணையத்தில் பார்த்து எழுதிவிடுவார்கள் என்ற பயம் எனக்கு. அதனால் எழுத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் இலவச மென்பொருள் ஒன்றில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன்.

ஒரு பிள்ளைக்கு 38 வீதம் என்று சிவப்பில் வந்தது. வகுப்பில் எல்லோர் முன்னாலும், "இது பார்த்து எழுதினது" என்று சொல்லிவிட்டேன். பிள்ளை ஒன்றும் பேசவில்லை.

அடுத்த நாள் தாய் வந்தா. 2009இல் கணவரை இழந்தவ. கையில் ஒரு கொப்பி. "ரீச்சர், இவள் பார்த்து எழுதேல்லை. இரவிரவா அம்மம்மாவைக் கேட்டுக் கேட்டு எழுதினவள். இதைப் பாருங்கோ" என்றா. பென்சிலால் எழுதி, வெட்டி, மறுபடி எழுதிய பக்கங்கள். ஓரிடத்தில் தேத்தண்ணிக் கறை.

அன்றுதான் சிவப்புக் கோடுகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். நான் கொடுத்த வினாவும் முன்பக்கமும் எல்லோரிடமும் ஒன்றுதான்; அதையும் சேர்த்து எண்ணியிருந்தது. பத்திரிகையிலிருந்து எடுத்த பகுதியை அவள் முறைப்படி மேற்கோள் குறிக்குள்தான் வைத்திருந்தாள். மிச்சம் பெரும்பாலும் ஒரே வசனம்: கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால். இணையத்தில் எத்தனையோ பேர் அதே ஒழுங்கில் எழுதியிருக்கிறார்கள். எல்லோரும் அந்த வழியால்தானே வந்தோம்! நானும் வந்தவள். எனக்கே அது உறைக்கவில்லை.

"வேற எந்த வழியெண்டு எழுதுறது, ரீச்சர்?" என்று பிள்ளை கேட்டாள்.

இந்த மென்பொருள் திருட்டைக் காண்பதில்லை. ஒரேமாதிரி வரும் சொற்தொடர்களை மட்டும் காண்கிறது. பல்கலைக்கழகங்களில் பயன்படும் ரேணிற்றின் நிறுவனமும், அந்த வீதம் ஒற்றுமையைத்தான் காட்டும், திருட்டா என்று ஆசிரியரே தீர்மானிக்க வேண்டும் என்கிறது. நான் இதைப் பிறகுதான் வாசித்தேன்.

இன்னொன்றும் நடந்தது. ஒரு பையனுக்குச் சுழியம் வீதம். நல்ல பிள்ளை என்று நினைத்தேன். மொழிநடை மட்டும் ஏதோ பெரியவர் எழுதியதுபோல இருந்தது. விசாரித்தால், இணையத்தில் இருந்த கட்டுரை ஒன்றைக் கடையில் கொடுத்துப் பாமினி எழுத்துருவில் அடிப்பித்திருக்கிறான். பாமினியில் நாங்கள் காணும் 'அ' கணினிக்கு உள்ளே ஆங்கில 'எம்' தான். இணையத்துக் கட்டுரையோ யூனிக்கோட்டில் இருக்கிறது. இரண்டும் ஒன்றென்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? களவெடுத்தவன் தப்பினான், உழைத்தவள் அகப்பட்டாள்.

இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டுபிடிப்பதாகவும் கருவிகள் வந்துள்ளன. 2023இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படி ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர்கள் தாங்களே எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 61 வீதமானவற்றை இயந்திரம் எழுதியது என்று அவை சொல்லின. எங்கள் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஒப்படை எழுதும்போதும் இதேதான் நடக்கலாம். உங்கள் பிள்ளை மீது இப்படிக் குற்றம் வந்தால் வீதத்தோடு நின்றுவிடாதீர்கள். எந்த வசனம் சிவப்பாக இருக்கிறது என்று காட்டச் சொல்லிக் கேளுங்கள். பழைய கொப்பியை எறிந்துவிடவும் வேண்டாம்.

வகுப்பில் சொன்ன பழியை வகுப்பிலேயே எடுக்க வேண்டும். எல்லோர் முன்னாலும் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். பழக்கமில்லாத காரியம், நாக்கு எழும்பவில்லை. அதன்பிறகு ஒப்படையோடு பென்சில் கொப்பியையும் வாங்குகிறேன். பிள்ளையைக் கூப்பிட்டு எழுதியதைப் பற்றி மூன்று கேள்வி கேட்கிறேன். மென்பொருளை முற்றாக விடவில்லை, அது கடைசியில்தான்.

பையனுக்கு இரண்டு கிழமை கொடுத்தேன். சைக்கிள் திருத்தும் தன் அப்பப்பாவைப் பற்றிக் கையால் எழுதி வந்தான். ஒன்றரைப் பக்கந்தான், நிறைய எழுத்துப்பிழை. கேட்ட மூன்று கேள்விக்கும் மறுமொழி சொன்னான்.